ஏழடிச் சந்தும் எட்டடி மெஷினும்

எங்கள் நிலத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை எங்கே வைத்தாலும் அது உருண்டு ஓடைக்குப் போய்ச் சேரும். ஆனைகட்டியில், எல்லைப் பாலத்தைத் தாண்டிக் கேரளப் பக்கத்தில், ரோட்டிலிருந்து கீழே இறங்கும் சரிவு அது. ரோடு மேலே, வீடு பாதிச் சரிவில், ஓடை அடியில். பழம் நிற்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று உண்டு. மிளகாய் காயப்போடுவதற்காக, ரோட்டை ஒட்டி அப்பா கல்லுக்கட்டு எழுப்பி, மண் நிரப்பிச் சமப்படுத்திய களம். பதினாலடி நீளம், பதினோரடி அகலம். பிறகு அதன்மேல் நான்கு சுவர்களும் சிமென்ட் ஷீட்டுக் கூரையும் வந்தன. அது என் அக்காவின் ரூம்.

எங்கள் மூவரில் அக்கா மூத்தவள். பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து இரண்டாம் வருஷமே திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை, கேட்டவர்களை அடுத்த கேள்வி கேட்க விடவுமில்லை. அப்பா அந்த ரூம் சாவியை அவள் கையில் கொடுத்து "இது உனக்கு" என்றார். நானும் அண்ணனும் பக்கத்தில் நின்றோம். அதற்குமேல் எதுவும் எழுதிக் கொடுக்கப்படவில்லை. அக்கா அங்கே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்தாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் ரோட்டிலிருந்து நேரே அவள் வாசலுக்கு வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் அவள் வாசலைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். யார் வந்தார், என்ன கொண்டு வந்தார், எத்தனை நாழிகை இருந்தார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை அவள் தன்னோடு வைத்துக்கொண்டதில்லை.

அப்பா போன பிறகு வீட்டில் அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். அண்ணன் உரக்கடை வைத்திருக்கிறார். நான் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் துணையாசிரியன். வார விடுமுறைக்கு ஊருக்கு வருவேன்.

ஐம்பது வயதுக்கு மேல் அண்ணன் ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். ஓட்டப் பழகியது வாங்கிய பிறகுதான். முதல் வாரமே பக்கத்துத் தோட்டத்துக் கல்சுவரில் உரசி, இடதுபக்கக் கதவில் ஒரு முழத்துக்குக் கோடு விழுந்தது. அக்கா தன் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அளவு கொடுக்க வந்த ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்களை இறுக்கி மூடியதை நடித்தும் காட்டினாள். அந்த மாதம் எத்தனை வீட்டுக்கு ரவிக்கை போயிற்றோ அத்தனை வீட்டுக்கும் அந்தக் கதையும் போயிற்று. கடைக்கு யூரியா வாங்க வந்த ஒருவர் அண்ணனைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளாலும் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்று அண்ணனுக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை.

கார் ஷெட் கட்டுகிற பேச்சு அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது.

காரணமாகச் சொல்லப்பட்டது யானை. எங்கள் பக்கம் யானை இறங்குவது உண்மை. மேல்வளைவில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஜீப் ஒன்றில் அது முதுகைத் தேய்த்து, ஜீப்பைக் குப்புறத் தள்ளியதும் உண்மை.

"ஆனை எறங்குது. ரோட்டுல நிறுத்துனா காரு சப்பையாயிரும்," என்றார் அண்ணன்.

"ஏன்டா, ரோட்டோரத்துலதான நானும் படுத்துக் கெடக்கறேன்? ஆனை என்னயத் தாண்டிப் போயி உன்ற காரைத்தான் மிதிக்குமா?" என்றாள் அக்கா.

"உன்னயக் கண்டா ஆனையே ஒதுங்கிப் போயிரும்."

அண்ணி சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். எங்கள் வீட்டில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். யாருக்கு எங்கே பட்டது என்பது அந்த நேரத்தில் தெரியாது.

திட்டம் எளியது. அக்காவின் ரூமுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சரிவை வெட்டி, ஒரு கார் நிற்கிற அளவுக்குச் சமன் செய்ய வேண்டும். ரோட்டிலிருந்து கீழே இறங்க ஒரே வழி, ரூமை ஒட்டிய சந்து. ஒரு பக்கம் அக்காவின் சுவர், மறுபக்கம் அடுத்தவர் தோட்டத்துக் கல்சுவர். நானே டேப் வைத்து அளந்தேன். சந்து ஏழடி. காரின் காதுக் கண்ணாடிகள் இரண்டையும் மடக்கினால் ஆறடி கூட வேண்டியதில்லை. ஓட்டத் தெரிந்தவனுக்குத் தாராளமாகப் போதும்.

ஆகவே முடிவு செய்ய வேண்டியிருந்தது மெஷினை மட்டும்தான். பத்திரிகையில் நாங்கள் எல்லாவற்றையும் 'பொக்லைன் எந்திரம்' என்று ஒரே பெயரில் எழுதிவிடுவோம். நேரில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். முதலாவது, மினி. ஐந்தடி அகலம், ரப்பர் பட்டையில் ஊர்ந்து போகும், தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் நுழைந்து குழி எடுப்பதற்கென்று வந்தது. பக்கெட் சிறியது, வேலை மெதுவாக நடக்கும். இரண்டாவது, எல்லோருக்கும் தெரிந்த ஜேசிபி. நான்கு டயர், முன்னால் அள்ளும் வாய், பின்னால் தோண்டும் கை. அகலம் எட்டடி. மூன்றாவது, இரும்புச் செயினில் நகரும் பெரிய வண்டி. மலையையே வெட்டும், ஆனால் லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும், எங்கள் சந்தின் பக்கம் தலையைக் கூட நுழைக்காது. அதை முதல் நாளே விட்டுவிட்டோம். மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஆள் வைத்து வெட்டுவது நான்காவது வழி. "அதுக்குள்ள காரு பழசாயிரும்," என்றார் அண்ணன்.

மினிக்காரரை நான்தான் விசாரித்து வரவழைத்தேன். கேரளத்துச் சித்தூரிலிருந்து வந்தார். சரிவில் இரண்டு தடவை ஏறி இறங்கினார். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மேலுக்கும் கீழுக்கும் உயர வித்தியாசம் பார்த்தார். வாய் ஓயாமல் பேசினார்.

"மேலருந்து படிப்படியா எடுத்துட்டு வரோணுமுங்க. ஒரே வெட்டா வெட்டுனா மேல நிக்கற ரூமோட கல்லுக்கட்டு சரிஞ்சுரும். நாலஞ்சு நாளாகும். பொண்டாட்டி தலைய வாரி உடற மாதிரிங்க, அவசரப்பட்டா சிக்குத்தான் உழுகும்."

"உங்களுக்குக் கல்யாணமாயிருச்சுங்களா?" என்று அக்கா வாசலிலிருந்து கேட்டாள்.

"இல்லீங்கக்கா."

"அதான பாத்தேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அண்ணன் சிரிக்கவில்லை. அவரிடம் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜேசிபிக்காரரை அண்ணன் கூட்டி வந்தார். பாலத்துக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் ஊர். நெற்றியில் கறுப்புக் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார். மெஷின் வைத்திருப்பவர்கள் வந்ததும் முதலில் மண்ணைப் பார்ப்பார்கள், கல் இருக்கிறதா என்று காலால் உதைத்துப் பார்ப்பார்கள். இவர் ரோட்டிலேயே நின்று அக்காவின் ரூமைப் பார்த்தார். உள்ளே அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் கேட்டது.

"இது நிக்குதுங்களே?" என்றார்.

"அது நிக்காதுங்க," என்றார் அண்ணன்.

தையல் மெஷின் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

அன்று சாயந்திரம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். அண்ணன் என்னைப் பார்த்து, "நீ படிச்சவன். ரெண்டு மெஷினையும் பாத்தே. எது எப்புடின்னு சொல்லு," என்றார். சொன்னேன். மினி வந்தால் சந்து போதும், ரூமுக்கு ஆபத்தில்லை, நாலைந்து நாள் ஆகும். ஜேசிபி வந்தால் ஒரு நாளில் முடியும், சந்து போதாது. செய்தி எழுதுவதைப் போல இரண்டு தரப்பையும் ஒரே அளவில் சொன்னேன். எது நல்லது என்று யாரும் கேட்கவில்லை.

"நாலஞ்சு நாள் சத்தம் கேட்டா வில்லேஜ் ஆபீஸ்காரன் சும்மா இருப்பானா?" என்றார் அண்ணன். மண் எடுக்க அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் நிலத்தில் பங்குள்ள மூவரும் கையெழுத்துப் போட வேண்டும், நிலத்தில் நிற்கிற கட்டடங்களைக் காட்ட வேண்டும். அக்காவிடம் கையெழுத்துக் கேட்பதற்கு அண்ணனுக்கு மனமில்லை. கேட்டால் அவளும் ஏதாவது கேட்பாள்.

"அப்ப ஜேசிபிதான். அதுக்கு எட்டடி வேணும். இருக்கறது ஏழடி. ஓரடி எங்கிருந்தாச்சும் வந்தாகோணும்," என்றார். "கல்செவுரு அடுத்தவனுது."

யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. அவள் கதவுநிலையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"காரு போற சந்துல மெஷின் போவாதுன்னா மெஷினை மாத்து. ஆளை எதுக்கு மாத்தறே?"

"ஆளை ஆரு மாத்தறாங்க? ஒரு வாரம். செவுத்தை எடுத்துட்டு, வண்டி போனதும் திருப்பிக் கட்டித் தந்தறேன்."

"எழுதிக் குடு."

"அப்பா எழுதியா குடுத்தாரு?"

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. அக்கா கதவுநிலையிலிருந்து நிமிர்ந்தாள். அவள் பேசுமுன் அண்ணி நாத்தனாரைப் பார்த்துக் குறுக்கே புகுந்தாள்.

"ஏனுங்க நங்கையா, ஹால்லயே கட்டில் போட்டுக்கலாமுங்க. ஃபேன் இருக்குது, டிவி இருக்குது. அங்க தனியாக் கெடந்து என்ன பண்றீங்க?"

"மாலை போட்ட போட்டோவும் ஹால்லதான் இருக்குது," என்றாள் அக்கா. "பக்கத்துல ஒரு ஆணியடிச்சு என்னயும் மாட்டிருங்க."

அப்பாவின் படத்தை எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அக்கா மேலே ஏறிப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்த்துக்கு இங்கே ஹர்த்தால் என்று பெயர். ஹர்த்தால் அறிவித்துவிட்டால் கடை கிடையாது, பஸ் கிடையாது, ஆபீஸ் கிடையாது. அதிகாரியின் ஜீப்பும் ஓடாது. ஆகவே அனுமதி இல்லாத வேலைகளையெல்லாம் ஜனங்கள் ஹர்த்தாலுக்கென்று சேர்த்து வைத்திருப்பார்கள். வயலில் மண் கொட்டுகிறவர்கள், சரிவை வெட்டுகிறவர்கள், புறம்போக்கில் சுவரை நகர்த்துகிறவர்கள் எல்லோருக்கும் அது நல்ல நாள். ஊரெல்லாம் அடங்கிக் கிடக்கும்போது மலைக்குள் மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். இதற்கு ஒரே ஒரு விதி இருக்கிறது. மெஷினை முந்தின நாளே கொண்டுவந்து இடத்தில் நிறுத்தி, மேலே தென்னை ஓலையைப் போட்டுவிட வேண்டும்.

விலைவாசியை எதிர்த்து ஒரு ஹர்த்தாலை முந்தின நாள் மத்தியானம் அறிவித்தார்கள். அண்ணன் ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டார். மெஷின் அவர் ஊரில் வேறொரு வேலையில் இருந்தது, அன்று ராத்திரிக்குள் வர முடியாது. அண்ணன் யோசித்தார். யோசித்ததில், எல்லையில் வாழ்கிறவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒன்று தோன்றியது.

"உங்களுக்குத்தான் ஹர்த்தால் இல்லீங்களே! தமிழ்நாட்டு வண்டி, பாலத்தைத் தாண்டுனா ஊடு. காலைல வந்துருங்க."

பாலத்தின் ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனைக் கடையின் விலைப்பலகை தெரியும். அங்கே ஹர்த்தால் இல்லை, இங்கே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அண்ணன் கணக்குப் போட்டார். காலையில் மெஷின் வந்ததும் நேரம் வீணாகக் கூடாது என்று, அன்று மத்தியானமே ரூமைப் பிரிக்க இரண்டு ஆட்களைக் கூட்டி வந்தார்.

அன்று எனக்கு விடுமுறை. நான் இருந்தேன். அக்கா யாரையும் உதவிக்கு விடவில்லை. துணிப் பெட்டி, ஸ்டவ், இரண்டு பாத்திரம், தைக்க வந்த துணிகளைப் போட்டு வைத்திருந்த பைகள் என ஒவ்வொன்றாகத் தானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். தையல் மெஷினையும் கட்டிலையும் மட்டும் நானும் ஓர் ஆளும் தூக்கினோம். ஆட்கள் கூரை ஷீட்டுகளின் போல்ட்டைக் கழற்றி, உடையாமல் இறக்கி, கல்சுவரில் சாய்த்து அடுக்கினார்கள். அண்ணன் பக்கத்தில் நின்று, "ஷீட்டு பத்திரமுங்க, ஷீட்டு பத்திரம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சந்தோரச் சுவர் முதலில் விழுந்தது. அது போனதும், வாசல் சுவரின் லின்டல் பிடிப்பில்லாமல் தொங்குகிறது என்றார் அண்ணன். அதையும் இடித்தார்கள். மூன்றாவது சுவரில் விரிசல் கண்டது. நாலாவது, ஓடைப் பக்கத்துப் பின்சுவர், தனியாக நிற்காது என்றார். அது நின்றுகொண்டுதான் இருந்தது. கடப்பாரையால் நாலு குத்து வாங்கிய பிறகுதான் சரிந்து பின்பக்கப் பள்ளத்தில் விழுந்தது. மிஞ்சியது சிவப்புச் சிமென்ட் தரை. அதில் தையல் மெஷின் நின்ற இடமும், அக்காவின் வலது பாதம் ஊன்றித் தேய்ந்த இடமும் வெளுத்துத் தெரிந்தன.

"ஓரடிதான கேட்டே?" என்றாள் அக்கா. அண்ணன் ஷீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

காலையில் மெஷின் வரவில்லை. ஜேசிபிக்காரர் போனில், பாலத்தில் நிறுத்திவிட்டார்கள் என்றார். அண்ணன் காரை எடுக்க முடியாது, ஹர்த்தால். நடந்து போனார். நானும் போனேன். பாலத்தின் கேரள முனையில் நாலைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளை ரோட்டின் குறுக்கே போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே மஞ்சள் ஜேசிபி, வாயைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து ஜீப் டிரைவர். அண்ணனிடம் கடனுக்கு உரம் வாங்குகிறவர்.

"இது தமிழ்நாட்டு வண்டிங்க. நம்ம ஹர்த்தாலுக்கும் இதுக்கும் என்ன?" என்றார் அண்ணன்.

"வண்டி தமிழ்நாடு, ரோடு கேரளா ஆணல்லோ அண்ணா," என்றார் டிரைவர், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கூப்பிடு தூரந்தானுங்க. அஞ்சு நிமிசம்."

"ஆஸ்பத்திரிக் கேஸ்னா உடலாம். பாலு, பத்திரம், ஆஸ்பத்திரி, இது மூணுதான் உடறோம்." பத்திரம் என்றால் இங்கே செய்தித்தாள். அவர் என்னைக் காட்டி, "வேணும்னா இவரு போலாம்," என்றார். பிறகு ஜேசிபியின் பக்கம் திரும்பி, "உள்ள ஆராச்சும் பிரசவத்துக்குக் கெடக்கறாங்களா?" என்று சத்தமாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மெஷின் ஓட்டி வந்தவரும் சிரித்தார்.

அண்ணன் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கப் பார்த்தார். கடை இல்லை. கடைசியில், கண்ணை மூடி ஸ்டீயரிங் பிடிக்கிற அந்த நடிப்பை ஒருவர் செய்து காட்டி, "வண்டிய நீங்க ஓட்டிட்டு வாங்க, உடறோம்," என்றார். திரும்பி நடந்தோம். பின்னால் அவர்கள் ஜேசிபிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா தையல் மெஷினை மேலே கொண்டுபோய்ப் போட்டிருந்தாள். யாரை வைத்துத் தூக்கினாள் என்று தெரியவில்லை. சுவரில்லாத தரையில், அதே வெளுத்த இடத்தில் உட்கார்ந்து, வெயிலில் ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு துண்டு.

"மெஷின் எங்கடா?"

"பாலத்துல நிக்குது," என்றார் அண்ணன்.

"அப்ப என்ற ரூமு எங்க?"

அண்ணன் கீழே இறங்கிப் போனார். நான் அங்கேயே நின்றேன். ரோட்டில் வாகனமே இல்லாததால் அவள் மெஷினின் சத்தம் வளைவு வரைக்கும் கேட்டது.

மறுநாள் எங்கள் நாளிதழில் எல்லைப்பகுதி ஹர்த்தால் செய்தி ஒற்றைப் பத்தியில் வந்திருந்தது. அசம்பாவிதம் ஏதும் நிகழவில்லை என்று முடிந்திருந்தது. அதைத் திருத்தி அனுப்பியவன் நான் அல்ல. நானாக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பேன்.

போட்டோ கைபேசிக் குழுக்களில் சுற்றியது. ஹர்த்தால் முழு வெற்றி, ஜேசிபியே நின்றுவிட்டது என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். வில்லேஜ் ஆபீஸிலும் பார்த்தார்கள். அந்த ஜேசிபி எங்கே போகக் கிளம்பியது என்று விசாரித்துக்கொண்டு ஓர் ஊழியர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சரிவைப் பார்த்தார். ஒரு பிடி மண் கூட அசையவில்லை. நடவடிக்கை எடுக்க எதுவும் இல்லை. இனிமேல் பெரியதோ சிறியதோ எந்த மெஷினும் இந்த நிலத்தில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, இடிந்து கிடந்த செங்கல்லைக் காட்டி, "இதென்ன?" என்றார்.

"பழைய மொளகா ரூமுங்க. தானா உழுந்துருச்சு," என்றாள் அண்ணி.

அக்கா பக்கத்தில்தான் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் தன் துணிப் பையை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அவள் நடந்ததைச் சொல்லியிருந்தாலும் அவர் திருப்பிக் கட்டித் தருகிறவர் இல்லை. இடித்ததைக் கேட்பது அவர் வேலையில்லை, வெட்டுவதைத் தடுப்பதுதான் அவர் வேலை.

நான் மினிக்காரருக்குப் போன் செய்தேன். "அந்த எடத்துப் பேரு இப்ப எல்லா மெஷின்காரங்களுக்கும் தெரியுமுங்க," என்றார். வர மாட்டேன் என்பதை அவர் அப்படிச் சொன்னார்.

அக்காவின் கட்டிலைக் கூடத்தில் போட்டார்கள். அண்ணி சொன்னபடி ஃபேனுக்குக் கீழேதான். அண்ணி சீரியல் முடிந்து டிவியை அணைக்கும்வரை அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். அளவு கொடுக்க வருகிறவர்கள் வீட்டுக்குள் வரத் தயங்கினார்கள். ரவிக்கை அவிழ்த்து அளவு கொடுக்கிற இடத்தில் அண்ணன் ஈஸிசேரில் படுத்திருந்தார். பகலில் வெயிலுக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு அவள் மேலே போய்த் தரையில் உட்கார்ந்து தைத்தாள். மழை பிடித்ததும் மெஷின் கூடத்துக்கு இறங்கியது, அதுவும் நின்றது.

கார் ரோட்டில் தார்ப்பாயின் கீழ் நின்றது. யானை வரவில்லை. குரங்குகள் வந்தன. தார்ப்பாயைக் கிழித்து, ஒரு பக்கக் கண்ணாடியை ஒடித்துக்கொண்டு போயின.

அதற்கடுத்த வாரம் நான் வந்தபோது மேலே வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. தரையின் நான்கு மூலைகளிலும் இரும்புக் குழாய் நட்டு, குறுக்கே சட்டம் கொடுத்து, கல்சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைக் கீழிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் போன பிறகு மேலே ஏறினாள். வெல்டிங் துகள்களைப் பெருக்கினாள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தரையைக் கழுவினாள். என்னைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, சித்த வந்து மெஷினத் தூக்கு. செவுரு பொறவு வரட்டும். கூரை வந்துருச்சில்ல."

தூக்கிப் போட்டேன். அவள் ஒரு பழைய புடவையை இரண்டு குழாய்களுக்கு நடுவே கட்டி மறைத்தாள். அளவு கொடுக்கும் இடம்.

மத்தியானம் கடையை மூடிவிட்டு அண்ணன் வந்தார். ரோட்டிலிருந்து ஹார்ன் அடித்தார். அக்கா எட்டிப் பார்த்தாள். கார் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ரிவர்ஸ் விளக்கு வெள்ளையாக எரிந்தது.

"அக்கா, அந்த மெஷினச் சித்த நவுத்து," என்றார் அண்ணன், தலையை வெளியே நீட்டி.

அவளுக்கு உடனே புரியவில்லை. சந்து வழியை மறைத்துக்கொண்டு நிற்கிறோமோ என்று பார்த்தாள். சந்து காலியாகத்தான் இருந்தது.

"சந்துலதான போகோணும்?"

"சந்துல போயி எங்க நிறுத்தறது? கீழ எடமே வெட்டலியே. சமமா இருக்கறது இதொண்ணுதான். பதிமூணடிக் காரு, பதினாலடி எடம். அளந்து செஞ்ச மாதிரி இருக்குது, பாரு."

ஒரு மாதத்துக்கு முன்பே அது தெரிந்திருந்தால் எந்த மெஷினையும் தேடியிருக்க வேண்டியதில்லை என்று நான் நினைத்தேன். அண்ணனும் அதையே நினைத்திருக்கலாம். அவர் முகத்தில் சங்கடம் இல்லை. தொலைந்த பொருளைத் தன் பையிலேயே கண்டெடுத்தவரின் முகமாக இருந்தது.

அக்கா புடவையை அவிழ்த்து மடித்தாள். நான் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன், அவள் மறுபக்கத்தைப் பிடித்தாள். ஓரமாக இறக்கி வைத்தோம்.

"பாத்து எடு," என்றாள் அண்ணனிடம். "அந்தக் கதவுலயும் கோடு உழுந்துறப் போவுது. பின்னால செவுரு இல்ல, தெரியுமல்ல? நீதான் இடிச்சே."

அண்ணன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். தரை முடிகிற இடத்துக்கு அப்பால் ஒன்றரை ஆள் உயரத்துக்குக் கல்லுக்கட்டு இறங்கியது. அதற்குக் கீழே பாறையும் ஓடையும். குரங்கு ஒடித்த கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப நீயே பின்னால நின்னு சொல்லு. உனக்குத்தான அந்தத் தரை தெரியும்," என்றார்.

அன்றிலிருந்து அது அவள் வேலை. சாயந்திரம் ஹார்ன் கேட்டால், கூடத்தில் தைத்துக்கொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறுகிறாள். தன் கட்டில் கிடந்த மூலையில் போய் நிற்கிறாள். கையை ஆட்டுவதில்லை, குரல் மட்டும்தான். "வா... வா... வா... வா... போதும்." 'போதும்' என்றதும் அண்ணன் பிரேக்கை மிதிக்கிறார். இறங்கிப் பார்ப்பதில்லை. கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

பின்சக்கரம் நின்ற தடம் மறுநாள் ஈரத்தில் தெரியும். ஆரம்பத்தில் அது தரை விளிம்புக்கு மூன்றடி உள்ளே இருந்தது. பின்னொரு வாரம் இரண்டரை இருக்கும் என்று பட்டது. சென்ற ஞாயிறு நான் பார்த்தபோது, காரின் பின்பகுதி கல்லுக்கட்டைத் தாண்டி ஓடைக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. டேப் என் கையில் இருந்தது. அளக்கவில்லை. அக்கா பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒடிந்த கண்ணாடியை அண்ணன் இன்னும் மாற்றவில்லை. அக்காதான் இருக்கிறாளே, அது எதற்கு என்கிறார்.